செயற்கை இராணி மணக்குச்சி: வாங்குவதற்கு முன் பெட்டிக்குள் பார்க்க வேண்டியவை

தேனீ வளர்ப்புக் கருவிகள் விற்பவர்களிடம் கிடைக்கும் செயற்கை இராணி மணக்குச்சியை இரண்டு பெட்டிகளில் பயன்படுத்திப் பார்த்தேன். ஒரு பெட்டியில் அது கொடுத்த காசுக்கு மேலாகவே உழைத்தது. மற்றொன்றில் காசோடு மூன்று வாரமும் போயிற்று. குச்சிகள் ஒரே பொட்டலத்தில் வந்தவை, இரண்டு கூட்டங்களும் இத்தாலியத் தேனீக்கள், இரண்டிலும் இராணி இல்லை. ஆனால் முதல் பெட்டி இராணியை இழந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டாவது பெட்டியில் பணித் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிப் பல நாள்கள் கடந்திருந்தன. பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருந்த ‘இராணி இல்லாத கூட்டங்களுக்கு’ என்ற வாசகம் இந்த இரண்டு நிலைகளையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியதும் அந்த வாசகம்தான். ஏறக்குறைய இதே பொருள் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படுவதால், தயாரிப்பாளரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். விரல் நீளத்துக்குச் சற்று அதிகமான, மெல்லிய பிளாஸ்டிக் குச்சி அது. இராணித் தேனீயின் தாடைச் சுரப்பியில் ஊறும் மணப்பொருள்களின் செயற்கைக் கலவை அதில் ஏற்றப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குச்சியும் வெள்ளிநிறப் படலப் பையில் தனித்தனியே அடைத்து வந்தது. பையைப் பிரிக்கும் வரை குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு பெட்டிக்கு ஒரு குச்சி என்பது அளவு. மூக்கருகே கொண்டு சென்றால் நமக்குப் பெரிதாக எந்த மணமும் தெரியாது. தேனீக்களுக்கு அது யாருடைய மணம் என்பது அடுத்த சில நிமிடங்களில் தெரிந்துவிடும். திறந்த பெட்டியின் மேல் குச்சியைச் சற்று நேரம் வைத்தபோது, உண்மையான இராணியைச் சுற்றி நிற்பதுபோலவே பணித் தேனீக்கள் தலையை உள்நோக்கித் திருப்பி வட்டமாக நின்று அதை உணர்கொம்புகளால் தடவின. எத்தனை ஆண்டு தேனீ வளர்த்தவருக்கும் அந்தக் காட்சி சற்று வியப்பாகவே இருக்கும்.

இந்தக் கலவையில் முதன்மையானது 9-ஆக்சோ-2-டெசினோயிக் அமிலம். இது 1960ஆம் ஆண்டை ஒட்டிய ஆய்வுகளிலேயே அடையாளம் காணப்பட்டது. ஆனால் அது மட்டும் தனித்து இராணியின் வேலையைச் செய்யவில்லை. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் கீத் ஸ்லெஸ்ஸர், மார்க் வின்ஸ்டன் முதலியோர் அடங்கிய குழு, ஐந்து பொருள்கள் சேர்ந்தால்தான் பணித் தேனீக்கள் இராணியைச் சூழ்ந்து நிற்பதுபோல் நடந்துகொள்கின்றன என்று 1988இல் காட்டியது. இராணியின் முழு மணத்தில் வேறு பொருள்களும் உண்டு என்பது 2003இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஆகவே குச்சியில் இருப்பது இராணியின் மணத்தில் ஒரு பெரும்பகுதி என்று கொள்வதே சரி.

இந்த மணம் காற்றில் பரவி எட்டுவது மிகக் குறைவு. இராணியைத் தொட்ட பணித் தேனீ, பிற தேனீக்களோடு உடலை உரசியும் உணர்கொம்பைத் தொட்டும் அதைக் கூட்டம் முழுவதும் கொண்டு செல்கிறது. குச்சியை எங்கே வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. பெட்டிக்குள் அடைகளைத் தாங்கும் சட்டங்களில், தேனீக்கள் நெருக்கமாக நிற்கும் நடுச் சட்டங்களுக்கு இடையில், புழுக்கள் வளரும் பகுதியில் தொங்கவிட வேண்டும். மூடிக்கு அடியில் ஓரமாகப் போட்டால் பெட்டியின் பாதித் தேனீக்களுக்கு அது இருப்பதே தெரியாது. பொட்டலத்துடன் வந்த சீட்டில் ‘சட்டங்களின் மேல் வைக்கவும்’ என்று மட்டுமே இருந்தது. நடுவில் என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அவர்களுக்கு எந்தச் செலவும் ஆகியிருக்காது.

முதல் பெட்டியின் இராணி இறந்ததற்கு நானே பொறுப்பு. சட்டத்தைத் திருப்பி இறக்கும்போது அவசரப்பட்டேன். பக்கத்துச் சட்டத்தோடு உரசி அவள் நசுங்கிவிட்டாள். புதிய இராணி வந்து சேர இரண்டு வாரத்துக்கு மேலாகும் என்று வளர்ப்பவர் சொல்லிவிட்டார். இராணி இல்லாமல் விட்டிருந்தால், அந்தக் கூட்டம் இருந்த இளம்புழுக்களில் சிலவற்றை இராணியாக வளர்க்க அவசர இராணி அறைகள் கட்டியிருக்கும். அந்தப் பரம்பரை எனக்கு வேண்டாம் என்பதால்தான் புதிய இராணிக்குச் சொல்லியிருந்தேன். அந்தக் கூட்டத்தின் கடுகடுப்பு கையுறையையும் தாண்டி வந்துகொண்டிருந்தது. மறுநாளே குச்சியைத் தொங்கவிட்டேன். நான்காம் நாளில் பார்த்தபோது இராணி அறைகள் எதுவும் எழுப்பப்படவில்லை. மகரந்த வரத்து குறையவில்லை. பெட்டியைத் திறந்தால் இராணி இல்லாத கூட்டம் எழுப்பும் அந்த நீண்ட முனகல் ஒலியும் கேட்கவில்லை. 17ஆம் நாள் குச்சியை எடுத்தேன், 18ஆம் நாள் புதிய இராணியைக் கூண்டோடு உள்ளே வைத்தேன், ஐந்து நாளில் அவள் வெளியே நடந்து முட்டையிட்டுக்கொண்டிருந்தாள். இந்த வேலைக்காக மட்டும் விற்றிருந்தால் இந்தப் பொருளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குச்சி உள்ளே இருக்கும்போது கூட்டம் தனக்கென இராணி வளர்க்காது என்பது, புதிய இராணிக்காகக் காத்திருப்பவருக்கு நன்மை; கூட்டமே இராணி வளர்த்துக்கொள்ளட்டும் என்று இருப்பவருக்குப் பெருங்கேடு. பணித் தேனீயாக வளரவேண்டிய புழுவை இராணியாக மாற்றுவதற்கு அந்தப் புழு முட்டையிலிருந்து வெளிவந்து மூன்று நாளுக்குள் இருக்க வேண்டும். முட்டைக் காலம் மூன்று நாளையும் சேர்த்தால், இராணி போனதிலிருந்து ஆறாம் நாளுக்குப் பிறகு கூட்டத்தின் கையில் அந்த வாய்ப்பு இல்லை. குச்சியைத் தொங்கவிட்டு இரண்டு வாரம் கழித்து ‘அவர்களே வளர்த்துக்கொள்வார்கள்’ என்று எடுத்துவிட்டால், வளர்ப்பதற்குப் பெட்டியில் புழுவே இருக்காது. பணித் தேனீ முட்டையிடும் நிலைக்கு அதைவிடக் குறுக்கு வழி வேறில்லை. சீட்டில் இது ஒரு வரியாகக்கூட இல்லை.

இரண்டாவது பெட்டிக்கு வருகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் அதைத் திறக்க முடியாமற்போயிற்று. திறந்தபோது முதலில் கண்ணில் பட்டவை, பணித் தேனீ அறைகளுக்கு மேல் துப்பாக்கிக் குண்டின் முனைபோல் புடைத்து நின்ற மூடிகள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்த அவற்றுக்குள் வளர்ந்துகொண்டிருந்தவை ஆண் தேனீக்கள். அறைகளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றில் இரண்டு முட்டை, இன்னொன்றில் ஐந்து, வேறொன்றில் எண்ண முடியவில்லை. பல முட்டைகள் அறையின் அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டியிருந்தன. இரண்டு மூன்று அறைகளில் மகரந்தத்தின் மேலேயே முட்டை கிடந்தது. இராணியின் வயிறு நீளமானது, அறையின் அடிவரை எட்டும். பணித் தேனீயின் வயிறு குட்டையாதலால் எட்டிய இடத்தில் வைத்துவிடுகிறது. அது கலவி கொள்ளாததால் முட்டைகள் கருவுறுவதில்லை. கருவுறாத முட்டையிலிருந்து வருவது ஆண்தான். தென்னாப்பிரிக்காவின் கேப் தேனீ மட்டும் இதற்கு விலக்கு. அதன் பணித் தேனீக்கள் இடும் கருவுறாத முட்டையிலிருந்து பெண் தேனீக்கள் வருகின்றன.

ஓர் அறையில் இரண்டு முட்டை கண்டவுடன் பணித் தேனீ முட்டையிடுகிறது என்று முடிவுகட்டிக் குச்சி வாங்கக் கிளம்பிவிடக்கூடாது. புதிதாகக் கலவி முடித்து வந்த இளம் இராணியும் முதல் சில நாள்களில் ஓர் அறையில் ஒன்றுக்கு மேல் முட்டையிடுவதுண்டு. ஆனால் அவை அறையின் அடியில் இருக்கும், ஓரிரு வாரத்தில் ஒழுங்குக்கு வந்துவிடும். விந்து தீர்ந்துபோன முதிய இராணி அல்லது கலவி நிகழாத இராணி இருந்தாலும் ஆண் புழுக்களே வரும். அங்கே அறைக்கு ஒரு முட்டை, அடியின் நடுவில், அடுத்தடுத்த அறைகளில் வரிசையாக இருக்கும். அந்த நிலையில் இராணியைத் தேடிப் பிடித்து அகற்றினால் பாதி வேலை முடிந்தது. நான் கண்ட சிதறலும் சுவர் முட்டைகளும் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை.

குச்சியைத் தொங்கவிட்டேன். முதல் மூன்று நாள் கூட்டம் அமைதியானது போலத்தான் இருந்தது, அதைக் கண்டு நானும் மகிழ்ந்தேன். ஏழாம் நாளில் அதே சுவர் முட்டைகள். பதினான்காம் நாளில் ஆண் மூடிகள் கூடியிருந்தன. பிறகு ஒரு புதிய இராணியை, அவளோடு விற்பவர் கொடுத்த சிறு பிளாஸ்டிக் கூண்டிலேயே வைத்து அறிமுகப்படுத்தினேன். கூண்டின் வாயிலில் அடைத்திருந்த சர்க்கரைப் பிசைவைத் தின்று வழி திறந்த பணித் தேனீக்கள் அவளைப் பந்துபோல் சூழ்ந்து கொன்றன. அடிப்பலகையில்தான் அவளைக் கண்டேன். குச்சியை அதற்கு முந்தைய நாளே எடுத்திருந்தேன் என்பதால் பழியைக் குச்சியின் மேல் போட முடியாது.

ஏன் பலிக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, பணித் தேனீயின் சூலகத்தை அடக்கி வைத்திருப்பது இராணி மட்டும்தான் என்ற தவறான எண்ணத்தை விடவேண்டும். மூடப்படாத புழுக்கள் வெளியிடும் மணப்பொருள்களும் அந்த வேலையைச் செய்கின்றன. இராணி போன பிறகும், பெட்டியில் புழுக்கள் இருக்கும் வரை பணித் தேனீக்களின் சூலகம் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். கடைசிப் புழு அறை மூடப்பட்டு, இராணி வளர்க்க வழியும் அற்றுப்போன பிறகே இந்த நிலை முற்றுகிறது. இத்தாலியத் தேனீயில் அதற்கு மூன்று நான்கு வாரம் பிடிக்கும், இந்தியத் தேனீயில் இதைவிட வெகு விரைவாக வந்துவிடும். இந்தியத் தேனீ வளர்ப்பவர்கள், இராணி போனது தெரிந்த வாரத்திலேயே எதையாவது செய்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் பத்து நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்து, பொறுமைக்குப் பரிசாகப் பெட்டி நிறைய ஆண் தேனீக்களைப் பெற்றார்.

முட்டையிடத் தொடங்கிய பணித் தேனீயின் உடலிலும் இராணியின் மணத்தை ஒத்த பொருள்கள் சுரக்கின்றன. அப்படிப்பட்டவை ஒரு கூட்டத்தில் ஒன்றிரண்டு அல்ல, ஏராளம். தங்களிடம் இராணி இருப்பதாகவே அந்தக் கூட்டம் நடந்துகொள்கிறது. வெளியிலிருந்து வரும் இராணி அதற்கு ஓர் ஊடுருவல்காரி. நலமான கூட்டத்தில் ஒரு பணித் தேனீ முட்டையிட்டால் மற்றப் பணித் தேனீக்கள் அதைத் தின்று அகற்றிவிடுகின்றன. 1989இல் ராட்னிக்ஸ், விஷர் என்ற ஆய்வாளர்கள் இந்தக் காவல் வேலையை விளக்கிக் காட்டினார்கள். இராணியற்று முற்றிய கூட்டத்தில் அந்தக் காவலும் தளர்ந்துவிடுகிறது. ஏற்கெனவே பொய்யான இராணி மணம் நிறைந்திருக்கும் பெட்டிக்குள் இன்னொரு செயற்கை மணத்தை நான் தொங்கவிட்டிருந்தேன். குறையாக இருந்தது புழுவின் மணம்.

அடுத்து நான் செய்ததும் குச்சியோடு தொடர்புடையதுதான். குச்சியை மறுபடி வைக்காமல், வலுவான வேறொரு பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் நிறைந்த ஒரு சட்டத்தை எடுத்து, அதில் இராணி இல்லை என்று இருமுறை பார்த்து, ஒட்டியிருந்த தேனீக்களை அந்தப் பெட்டியிலேயே உதறிவிட்டு, இந்தப் பெட்டியின் நடுவில் வைத்தேன். வாரத்துக்கு ஒன்றாக மூன்று சட்டங்கள். முதல் சட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. புழுக்களை வளர்த்து மூடினார்களே தவிர இராணி அறை கட்டவில்லை. இரண்டாவது சட்டத்தில் இராணி அறைக்கான ஒரு கிண்ணம் தொடங்கிக் கைவிடப்பட்டது. மூன்றாவது சட்டம் வைத்த நான்காம் நாளில் நான்கு இராணி அறைகள் தொங்கின, சுவர் முட்டைகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. கூட்டம் தனக்கு இராணி இல்லை என்பதை உணர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. குச்சி உள்ளே இருந்திருந்தால் இந்த நான்கு அறைகளும் எழுந்திருக்க வாய்ப்பு குறைவு. ‘புழுச் சட்டத்துடன் சேர்த்துப் பயன்படுத்தினால் விரைவான பலன்’ என்று சீட்டின் பின்புறம் அச்சிட்டிருந்ததை அன்றுதான் திரும்பப் படித்துப் பார்த்தேன். இராணி அறையை எதிர்பார்த்துப் புழுச் சட்டம் வைப்பவர்களுக்கு அது நேர்மாறான அறிவுரை. எழுதியவர் எந்தப் பெட்டியையும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த நான்கு அறைகளில் ஒன்று முதிர்ந்து வெளிவரட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் கணக்கு இடம் கொடுக்கவில்லை. அவசர இராணி அறை தொடங்கி இராணி வெளிவர ஏறத்தாழ 12 நாள், அவள் பறந்து கலவி முடித்து முட்டையிட மேலும் இரண்டு வாரம் அல்லது அதற்கு மேல், அந்த முட்டை பணித் தேனீயாக 21 நாள். முதல் சட்டம் வைத்த நாளிலிருந்து எண்ணினால் இரண்டு மாதம் ஓடிவிடும். உழைக்கும் பருவத்தில் பணித் தேனீயின் ஆயுளே ஏறத்தாழ ஆறு வாரம். என் பெட்டியில் இருந்தவர்கள் ஏற்கெனவே முதியவர்கள். ஆகவே அறைகளை அழித்துவிட்டு, கலவி முடித்த இராணியை மறுபடி வாங்கினேன்.

இம்முறை பிளாஸ்டிக் கூண்டை நம்பவில்லை. ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கண்ணுடைய கம்பி வலையை வெட்டி, நான்கு ஓரங்களையும் மடித்து, உள்ளங்கை அகலத்தில் அடியில்லாப் பெட்டி ஒன்று செய்தேன். முதிர்ந்த கூட்டுப்புழுக்கள் மூடியைக் கடித்து வெளிவந்துகொண்டிருக்கும் இடமாக, சில தேன் அறைகளும் சில வெற்றறைகளும் சேர்ந்து வரும்படி பார்த்து, துணைத் தேனீக்கள் இல்லாமல் இராணியை மட்டும் அடியில் விட்டு வலையை அடையின் நடுத்தட்டு வரை அழுத்தினேன். அங்கே பிறக்கும் இளந்தேனீக்களுக்கு வேறெந்த இராணியையும் தெரியாது. அவை அவளை ஊட்டத் தொடங்குகின்றன, அவளும் அந்தச் சிறு இடத்திலேயே முட்டையிடத் தொடங்குகிறாள். முட்டையிடும் இராணியைக் கூட்டம் எளிதில் கொல்வதில்லை. ஆறாம் நாள் வலைக்கு வெளியே நின்ற தேனீக்கள் கம்பியைக் கடிக்காமல், விரலால் ஒதுக்கினால் ஒதுங்கிப் போயின. வலையை எடுத்தேன். இப்போது அந்தப் பெட்டியில் புழு அடை ஒழுங்காக இருக்கிறது. கடையில் வாங்கிய குச்சியைவிட வீட்டில் மடித்த வலைத்துண்டு இந்தப் பெட்டிக்கு அதிகம் செய்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

இத்தனை உழைப்பும் தகுமா என்றால், பெரும்பாலும் தகாது. மூன்று புழுச் சட்டங்களைக் கொடுத்த பெட்டி அந்த அளவுக்கு மெலிந்தது. இரண்டு இராணிகளுக்குக் காசு போயிற்று. இரண்டு மூன்று சட்டங்களுக்கு மேல் தேனீ இல்லாத கூட்டமாக இருந்தால், செய்தித்தாளை இடையில் விரித்து வலுவான, இராணியுள்ள கூட்டத்தோடு இணைத்துவிடுவதே நல்லது. மெலிந்த கூட்டத்தோடு இணைத்தால் அங்கிருக்கும் இராணிக்கே ஆபத்து. பெட்டியைத் தொலைவில் கொண்டுபோய் உதறினால் முட்டையிடும் பணித் தேனீக்கள் பறக்க மாட்டாமல் அங்கேயே தங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அவற்றுக்கு நன்றாகவே பறக்கத் தெரியும். பெட்டி அதே இடத்தில் இருந்தால் திரும்பி வந்துவிடும். உதறிய பின் பெட்டியையும் அகற்றிவிட்டால், அவை பக்கத்துப் பெட்டிகளுக்குப் பிரிந்து போகும். காவல் தேனீக்கள் உள்ளே விடுபவை விடட்டும், தடுப்பவை தடுக்கட்டும். அந்த முறையில் ஒரு கூட்டத்தை இழக்கிறோம், ஆனால் தேனீக்களைப் பெரும்பாலும் இழப்பதில்லை.

ஆக, ஐந்துக்கு மூன்று என்பது என் மதிப்பீடு. இராணி இறந்து ஓரிரு நாளுக்குள், புதிய இராணி வரும் வரை கூட்டத்தைப் பிடித்து வைக்க வேண்டுமானால் இது நல்ல பொருள். இராணி தேடிக் கிடைக்காத ஒரு பெட்டியில் இராணி உண்டா இல்லையா என்று சோதிக்க இதை வாங்க வேண்டாம். அதற்கு முட்டையுள்ள ஒரு சட்டத்தை உள்ளே வைத்து நான்கு நாள் கழித்துப் பார்த்தால் போதும். இராணி இல்லாவிட்டால் இராணி அறை தொடங்கியிருக்கும். அறை தொடங்காமல் சுவர் முட்டைகளும் தெரிந்தால் இந்தக் குச்சியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. குறைத்த இரண்டு மதிப்பெண்களில் ஒன்று பொட்டலத்தின் பொதுவான வாசகத்துக்கு; மற்றொன்று குச்சியை எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்லாத அந்தச் சீட்டுக்கு. மீதமுள்ள மூன்று குச்சிகள் உறைபகுதியில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் வாங்கிய தேதியோடு ‘இராணி போன ஓரிரு நாளுக்குள் மட்டும், புதிய இராணி வைக்குமுன் எடுத்துவிடு’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.